போர்டு கூப்பிடும்

என் மாமியார் பகலில் தூங்கமாட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காய்ச்சல் கொதித்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாரே ஒழிய கண்ணை மூடமாட்டார். பகலில் படுத்தால் உடம்பில் சோம்பல் ஒட்டிக்கொள்ளும் என்பார். சொல்லும்போதே, ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் தன் மகனை ஜாடையாக ஒரு பார்வை பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், தன் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதைக் கவனிக்காமல் விட்டு, அதனால் செத்துப்போனார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊரை என்ன சொல்வது? முதலில் சொன்னது இவர்தான். இவர் என்றால் என் கணவர், அத்தையின் ஒரே பிள்ளை.

அன்று காலையில் அத்தைக்கு நெஞ்சில் எரிச்சல். வாயுவாக இருக்கும் என்று அவரே வைத்தியமும் சொல்லிக்கொண்டார். இவர் லீவு போடுகிறேன் என்றதற்கு, அதெல்லாம் வேண்டாம், உன் போர்டு இருக்கிற ஆஸ்பத்திரிதானே, நானே போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளிநோயாளிகள் ஹாலில் ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிய இரும்பு நாற்காலிகள் இருக்கும். எதிரே கவுண்டருக்கு மேல் சிவப்பு எழுத்தில் எண் காட்டும் போர்டு. டாக்டர் தன் அறையில் பொத்தானை அமுக்கினால் போர்டில் அடுத்த எண் வரும், மணியும் அடிக்கும். அந்த போர்டை ஓட்டும் புரோகிராமை எழுதியவர் இவர். அத்தைக்குக் கிடைத்த டோக்கன் நாற்பத்தேழு.

நாற்பத்தேழுக்கு டாக்டர் பொத்தானை அமுக்கினார். யாரும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்பத்தெட்டை அமுக்கினார். அதற்கப்புறம் வரிசை தன்பாட்டுக்கு நகர்ந்தது. வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் அத்தையின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதைப் பார்த்து ஓடிவந்தாராம். உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, நாற்பத்தேழைக் கூப்பிட்டிருக்கிறோம், அவர்கள்தான் வரவில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இவருக்குத் துக்கம் வந்தால் அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "தூங்கிட்டாங்க, வேறென்ன? எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செத்துப்போனவரைத் திட்டுகிறாரே என்று எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒன்று, அந்தக் கோபத்தையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று பயம். இன்னொன்று, எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், நாற்பத்தெட்டாம் டோக்கன்காரர். போனில் பேசிக்கொண்டிருந்ததால் நாற்பத்தேழு வந்ததா இல்லையா என்று அவர் கவனிக்கவில்லையாம். தன் எண் வந்ததும், உங்களுடையது எனக்கு முன்னாடி ஆயிற்றே, போய்க் கேளுங்களேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அத்தை சொன்ன பதிலை அவர் என்னிடம் அப்படியே சொன்னார். நாற்பத்தேழு வந்த அந்த நிமிஷம் மட்டும் அத்தை அசந்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனாலும் அந்தப் பதிலை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் உடைந்துபோவார் என்று எனக்குள்ளேயே போட்டுப் பூட்டிவைத்திருந்தேன்.

நானும் இவர் செய்கிற வேலையைச் செய்தவள்தான். ஒரே ஆபீசில் சந்தித்தோம். த்ரெட் என்றால் என்ன என்று ஒருநாள் அத்தை கேட்டபோது, நூல் என்று அர்த்தம், ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகள் தனித்தனி நூலாக ஒரே சமயத்தில் ஓடும் என்று விளக்கினேன். "ஓஹோ, அப்படி நூல் விட்டுத்தான் என் பையனைப் பிடிச்சியா?" என்று கேட்டுவிட்டு நாள் முழுக்கச் சிரித்தார். இப்போது நான் ஆபீசுக்குப் போவதில்லை. ஒரு பயிற்சி மையத்தில் சனிக்கிழமைகளில் சி என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுக்கிறேன்.

த்ரெட் பாடம் தொடங்கும் நாளில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. முதல் புரோகிராமை எழுதச் சொல்வேன். ஒரு த்ரெட்டை உருவாக்கு, அது 'வணக்கம்' என்று திரையில் எழுதட்டும், அவ்வளவுதான். எழுதி ஓட்டுவார்கள். பெரும்பாலும் திரையில் ஒன்றும் வராது. கம்ப்யூட்டர் சரியில்லை, கீபோர்டு சரியில்லை என்று ஆளாளுக்குக் குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். மெயின் என்கிற முதன்மைப் பகுதி முடிந்துவிட்டால் புரோகிராமே முடிந்துவிடும், த்ரெட் வேலையைத் தொடங்கியதா என்றுகூட அது திரும்பிப் பார்க்காது, ஜாயின் என்ற கட்டளை போட்டு நிறுத்தினால்தான் காத்து நிற்கும் என்று அப்புறம் சொல்வேன். அடுத்த வாரம் மியூட்டெக்ஸ். ரெண்டு த்ரெட் ஒரே எண்ணில் கைவைத்தால் கணக்கு குழம்பும், அதற்குப் பூட்டு போடவேண்டும் என்பது. அதற்கடுத்தது சிக்னலும் வெயிட்டும். ஒரு த்ரெட் வெயிட் போட்டுப் படுத்திருக்கும், இன்னொன்று சிக்னல் கொடுத்து எழுப்பிவிடும்.

அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கேள்விக்காரி கையைத் தூக்கினாள். எழுப்புகிற நேரத்தில் அந்த த்ரெட் வெயிட்டில் இல்லாமல் வேறு வேலையில் இருந்தால், அந்த சிக்னலைச் சேர்த்து வைத்திருந்து அப்புறம் கொடுக்குமா என்று கேட்டாள். "சேர்த்து வைக்காதும்மா. ஆள் இல்லாத வீட்டுல கதவைத் தட்டின மாதிரி. தட்டினது தட்டினதோட சரி" என்றேன். அதனால்தான் என்ன வேலை வந்திருக்கிறது என்பதை நாமே தனியாகக் குறித்து வைத்து, வெயிட் போடும் முன் ஒரு தடவை அதைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. புத்தகத்தில் இருக்கும் உதாரணம் பொம்மை விளையாட்டு மாதிரி இருக்கிறது, நிஜமாக எங்கேயாவது ஓடும் புரோகிராம் ஒன்றைக் காட்டுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் போர்டு புரோகிராமைக் கேட்டேன். சின்னது, சுலபமாகப் புரியும், தவிர நிஜமான ஹாலில் நிஜமான மனிதர்களுக்காக ஓடுவது. அத்தை போனதிலிருந்து இருண்டே கிடந்த முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எடுத்துக்கொள், ஆனால் நடுவில் விளக்கம் ஒன்றும் எழுதிவைக்கவில்லை என்று பிள்ளைகள் முன்னால் என் மானத்தை வாங்காதே என்றார். மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில், அச்செடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன்.

புரோகிராமில் டாக்டர் அறைக்கு ஒன்றாக ரெண்டு த்ரெட். போர்டுக்கு ஒன்று. டாக்டர் அமுக்கியதும் அறை த்ரெட் புது எண்ணை ஓரிடத்தில் எழுதிவிட்டு சிக்னல் கொடுக்கும். போர்டு த்ரெட் எழுந்து எண்ணைக் காட்டும், மணி அடிக்கும், மறுபடி போய் வெயிட்டில் படுத்துக்கொள்ளும். பென்சில் மணி அடிக்கும் வரியில் நின்றது. மணி சில விநாடிகள் அடிக்கும். அந்த விநாடிகளில் போர்டு த்ரெட் வெயிட்டில் இல்லை. அந்த நேரம் பார்த்து இன்னொரு அறையில் பொத்தானை அமுக்கினால்? சிக்னல் போகும். வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. போர்டு த்ரெட் மணியை முடித்துவிட்டு, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு பார்வைகூடப் பார்க்காமல் படுத்துக்கொள்ளும். அந்த எண் போர்டில் வரவே வராது.

நேற்று அந்தப் பெண்ணிடம் நான் வாய் கிழியச் சொன்ன அதே பாடம்.

முதலில் ஆசிரியைக்குரிய எரிச்சல்தான் வந்தது, இத்தனை வருஷ அனுபவத்தில் இவ்வளவு சின்னத் தப்பா என்று. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மடிக்கணினியைத் திறந்து புரோகிராமை ஓட்டினேன். ரெண்டு அறைகளுக்கு ரெண்டு விசைகள், முதலில் வரவேண்டிய எண் நாற்பத்தாறு என்று வைத்துக்கொண்டேன். ஒன்றை அமுக்கினேன், நாற்பத்தாறு வந்தது, மணி அடித்தது. மணி அடிக்கும்போதே மற்றதை அமுக்கினேன். மணி ஓய்ந்தது. திரையில் நாற்பத்தாறு அப்படியே நின்றது. காத்திருந்தேன். இன்னொரு தடவை அமுக்கினேன். நாற்பத்தெட்டு வந்தது.

அத்தை தூங்கவில்லை. அத்தனை நேரமும் விழித்தபடி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தேம்பித் தேம்பி அழுதேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தில் இவருக்கு அது கேட்டிருக்காது.

எப்படி இது நேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். முதலில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர் அறைதான். ஒரே டாக்டர் சில விநாடிகளுக்குள் ரெண்டு பேரைக் கூப்பிடமாட்டார், அதனால் இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை. பின்னால் ரெண்டாவது அறை திறந்தார்கள். ஒரு மதியம் இவர் போய், இருந்த த்ரெட்டையே பார்த்து இன்னொன்று எழுதிச் சேர்த்தார். அன்றைக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன். ஹாலில் வேறு யாரும் இல்லை. அத்தை நட்டநடுவில் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டார். இவர் முதல் அறைக்குள் போய் அமுக்கிவிட்டு, "வந்துச்சா?" என்று கத்துவார். "வந்துச்சுடா" என்று அத்தை ஹால் அதிரச் சொல்வார். இவர் ரெண்டாவது அறைக்கு ஓடுவார், அமுக்குவார், "வந்துச்சா?" "வந்துச்சுடா." எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஒரே ஆள் ஒரே சமயத்தில் ரெண்டு அறையிலும் இருக்க முடியாதே. அன்றைக்கு அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் போர்டுக்குக் கீழே உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் விடமாட்டார், இது என் பையன் செய்தது என்று.

எண் வராமல் போன மற்றவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து கவுண்டரில் போய்ச் சத்தம் போட்டிருப்பார்கள், நர்ஸ் உள்ளே அனுப்பியிருப்பார். ஆஸ்பத்திரியில் இதெல்லாம் சகஜம் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து கேட்காமல் உட்கார்ந்திருக்க ஒரே ஒருவரால்தான் முடியும்.

குளியலறைக் கதவு திறப்பதற்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. தப்பை நானே திருத்தி, பாடத்துக்காகக் கொஞ்சம் அழகுபடுத்தினேன், இதையே ஆஸ்பத்திரியிலும் போட்டுவிடுங்கள் என்று பூசி மெழுகலாம். ஆனால் அவர் பச்சைப்பிள்ளை இல்லை. மாற்றிய இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைப் பிடித்துவிடுவார். எப்படியோ மறைத்தேவிட்டாலும், அத்தை காலத்துக்கும் தூங்கிச் செத்தவராகவே இருப்பார். சொன்னாலோ, தாயைப் பறிகொடுத்த மனுஷனிடம், பறித்தது உன் கைதான் என்று சொல்வதாகும். எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, அதை மறைப்பானேன். நாக்கு கூசாமல் எத்தனை பேரிடம் சொன்னார். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது எனக்கு வாயில் வந்தது கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. எங்கள் இருவருக்கும் பழக்கமான பேச்சுதான் வந்தது.

"இங்க பெல் அடிச்சிட்டிருக்கும்போது இன்னொரு ரூம்ல அமுக்கினா என்ன ஆகும்?"

"சிக்னல் போகும்" என்றார் துண்டை எடுக்காமலே.

"யாருக்கு?"

குனிந்து தாளைப் பார்த்தார். "வெயிட்ல யாரும் இல்லன்னா யாருக்கும் இல்ல. போனது போனதுதான்" என்றார், ஒன்றும் தெரியாத மாணவிக்குச் சொல்வதுபோல. சொல்லி முடித்த பிறகு துண்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் வாதாடினார். ரெண்டு டாக்டரும் அந்தச் சில விநாடிகளுக்குள் அமுக்குவதெல்லாம் லட்சத்தில் ஒன்று என்றார். போனை எடுத்து ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கு அடித்தார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடிச் சொல்லும்வரை மேஜைமேல் கிடந்த பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். நாற்பத்தாறு ரெண்டாம் அறை, நாற்பத்தேழு முதல் அறை, ரெண்டும் ஒரே நேரம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா தூங்கல."

"இல்ல."

அப்புறம் கேட்கக்கூடாத அந்தக் கேள்வியைக் கேட்டார். "அப்ப எழுந்து போய்க் கேட்டிருக்கலாம்ல? ஏன் கேக்கல?" மூழ்குகிறவர் கையில் சிக்கிய கடைசிப் பிடி அது, எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தைக்காகப் பேச அந்த வீட்டில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

"பக்கத்துல இருந்த அம்மா போய்க் கேக்கச் சொன்னாங்களாம். அதுக்கு அத்தை, இது என் பையன் செஞ்ச போர்டு, அது கூப்பிடும்னு சொன்னாங்களாம்."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். தொட்டால் தட்டிவிடுவாரோ என்று தயங்கித் தயங்கி முதுகில் கைவைத்தேன். தட்டிவிடவில்லை.

அழுது முடித்ததும் முதல் வேலையாக மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். போர்டை அணைத்துவிடுங்கள், நான் வரும்வரை ஆள் வைத்து வாயால் கூப்பிடுங்கள் என்றார். ஏன் என்று தலைமை நர்ஸ் கேட்டதற்கு மென்று விழுங்காமல் காரணத்தைச் சொன்னார். அப்புறம் தன் சித்திக்கு, அதாவது அத்தையின் தங்கைக்கு, அடித்தார். அம்மா தூங்கவில்லை, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து த்ரெட், சிக்னல் என்று என்னென்னவோ சொன்னார். சித்திக்கு அதில் பாதி புரிந்திருக்காது. "அவ என்னிக்குடா பகல்ல தூங்கினா? எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாராம்.

திருத்தியது சில வரிகள்தான். வருகிற எண்களை வரிசையாகக் குறித்து வைப்பது, அந்த வரிசை காலியாக இருக்கும்வரை மட்டும் வெயிட் போடுவது. என் வகுப்புப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். அவர் எழுத எழுத நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெளிநோயாளிகள் நேரம் சீக்கிரமே முடிந்து ஹால் காலியாகக் கிடந்தது. துடைத்த தரையில் மருந்து வாடை. புது புரோகிராமைப் போட்டு போர்டை மறுபடி ஓடவிட்டதும், வழக்கம்போல இவர் அறைக்குள் ஓடுவார் என்று பார்த்தேன். ஓடவில்லை. தலைமை நர்ஸை ஓர் அறைக்கும் என்னை இன்னோர் அறைக்கும் போகச் சொன்னார். ஒன்று, ரெண்டு, மூன்று சொல்வேன், ரெண்டு பேரும் ஒன்றாக அமுக்குங்கள் என்றார். பிறகு வரிசைகளைப் பார்த்தபடி நடந்து, நட்டநடுவில் இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் மேஜையின் ஓரத்தில் இருந்த அந்தப் பொத்தான் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வெளியே இவர் எண்ணுவது கேட்டது. மூன்று என்றதும் அமுக்கினேன். ஹாலில் மணி அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அந்த ரெண்டாவது மணி என் காதிலேயே விழுந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்த்தவர் சொல்லவேண்டும் அல்லவா. அன்றைக்கு அவர் கத்திய மாதிரியே உள்ளேயிருந்து கத்தினேன்.

"வந்துச்சா?"

பதில் இல்லை. அறைக்கு வெளியே வந்து பார்த்தேன். போர்டில் ரெண்டாவது எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இவர் அதையே பார்த்தபடி, ரெண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"வந்துச்சும்மா" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னை ஒரு நாளும் அம்மா போட்டுக் கூப்பிட்டதில்லை.